பஸ்கா சூப்பர்வைசர்

தண்ணீர் மாவில் விழுந்த நொடியில் எழிலரசன் ஸ்டாப்வாட்சை அமுக்குகிறார். லைனில் ஒரு பெண் ஒரு வயரிங் கட்டை முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று அளப்பதற்காகக் கம்பெனி கொடுத்த வாட்ச் அது. இன்று அதில் அகப்பட்டிருப்பவர் அவர் மனைவி ராஜம்மா. பிசைந்து, தேய்த்து, முள்கரண்டியால் குத்தி, கல்லில் போட்டு எடுக்கிற வரைக்கும் பதினெட்டு நிமிஷம். அதற்கு மேல் போனால் மாவு புளிக்கத் தொடங்கிவிடுமாம். புளித்தால் அது யூதர்களுடைய பஸ்கா பண்டிகை அப்பம் இல்லையாம்.

"சீக்கிரம் தேய். டைம் போய்க்கினே கீது."

"நீ வேணா வந்து தேய்யா. நின்ன எடத்துலயே நின்னுக்கினு பட்டனை அமுக்குறதுக்குப் பேரு வேலையா?"

"குத்து, குத்து. ஓட்டை பத்தல. காத்து உள்ள நின்னா உப்பும்."

"உப்பட்டுமே. சப்பாத்தின்னா உப்பத்தான் உப்பும்."

"சப்பாத்தின்னு சொல்லாதன்னு எத்தினி வாட்டி சொல்றது உனுக்கு?"

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், லாரிப் பட்டறைக்குப் பின்னால் அந்த லைன் வீடு இருக்கிறது. ஒரே கூரை, வரிசையாக அறைகள், முன்னால் நீளமாக ஒரு நடை. காருக்கு வயரிங் கட்டுகிற கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் பெண்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். முதல் அறை எழிலரசனுக்கு. அந்தப் பெண்களுக்கு அவர்தான் சூப்பர்வைசர், அவர்தான் வார்டன், ஆள் குறைந்தால் ஊர் ஊராகப் போய்ப் பிடித்து வருகிறவரும் அவர்தான். எல்லா வேலைக்கும் சேர்த்து ஒரே சம்பளம் கொடுப்பதில் கான்ட்ராக்டருக்கு மனவருத்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆள் குட்டை. பரண் மேல் இருக்கிற பொருளுக்கும் அவருக்கும் எப்போதும் ஒரு ஸ்டூல் தேவைப்படும். சட்டைப் பையில் பெயிண்ட் பேனாக்கள் குத்தியிருக்கும்: பச்சை ஒன்று, சிவப்பு இரண்டு. சரியாக வந்த கட்டுக்குப் பச்சைக் கோடு, ரிஜெக்ட் ஆனதற்குச் சிவப்புக் கோடு. சிவப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும், அதனால் இரண்டு. இடுப்பில் தின்னர் வாடை அடிக்கிற ஒரு துணி செருகியிருக்கும், கோடு தப்பானால் துடைப்பதற்கு. தான் போட்ட கோடு தப்பு என்று அவர் துடைத்து நான் பார்த்ததில்லை. அடுத்தவன் போட்டதைத்தான் துடைப்பார்.

எதையும் அரைகுறையாக விட அவரால் முடியாது. இது வியாதி. டீக்கடையில் கிளாஸை வைத்த இடத்தில் ஈர வட்டம் பாதியாக விழுந்தால், திரும்ப வைத்து முழு வட்டம் ஆக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஒரு சாவு வீட்டில், பெட்டி மேல் வைத்த மாலை கோணலாகக் கிடக்கிறது என்று, அழுதுகொண்டிருந்த பொம்பளைகளை விலக்கிவிட்டு நேராக்கி வைத்துவிட்டு வந்த மனுஷன். செத்தவர் யார் என்று வெளியே வந்துதான் கேட்டார்.

அவர் அப்பா கரை வேட்டிக் கட்சிக்காரர். சாமி பெயரே வேண்டாம் என்று எழிலரசன் என்று வைத்தார். பையன் கல்யாணமானதும் ராஜம்மா பின்னாலேயே ஜெபக்கூடத்துக்குப் போனான். போனவன் ராஜம்மாவைத் தாண்டி, பாஸ்டரைத் தாண்டி, நேராக எருசலேமில் போய் நின்றான். போன் வீடியோவில்தான். யூதர் ஒருவரைக்கூட எழிலரசன் நேரில் கண்டதில்லை. இந்தத் தொழிற்சாலைக் காரிடாரில் கொரியாக்காரன் இருக்கிறான், ஜப்பான்காரன் இருக்கிறான், யூதர் யாரும் இதுவரை அவர் கண்ணில் படவில்லை. பட்டால் அந்த ஆள் தன் பண்டிகையைப் பற்றி நிறையத் திருத்தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

"தோழரே, ஏசு கடைசியா துன்ன சாப்பாடு இன்னா சாப்பாடு? சொல்லுங்க பாப்போம்," என்று என்னை மடக்குவார். பழைய தொழிற்சங்கத்துக்காரன் என்பதால் எனக்கு அந்தப் பட்டம். நான் டீயை ஊதுவேன். அவரே சொல்வார்.

"பஸ்கா சாப்பாடு. அவரு யூதரு. யூதரு வூட்டு மாடியில, யூதரு பண்டிகைய, யூதருங்க கூட உக்காந்து கொண்டாடினாரு. அத்ததான் நாம பெரிய வியாழன்னு சொல்லிக்கினு கீறோம். அப்பத்தை எடுத்துப் புட்டாரே, அது இன்னா அப்பம்? புளிப்பில்லாதது. கிண்ணத்தை எடுத்தாரே, அது பஸ்கா கிண்ணம். ஆட்டுக்குட்டின்னு அவர சொல்றோமே, அது பஸ்கா ஆட்டுக்குட்டி. எல்லாம் அவுங்க வூட்டுச் சாமானு. நாம வாங்கினு வந்து வெச்சுகினு, எங்க வாங்கினோம்னு மறந்துட்டோம்."

இதை ஜெபக்கூடத்திலும் போய்ச் சொன்னார். பாஸ்டர் திருவிருந்துக்கு பேக்கரி பிரெட்டை நறுக்கி வைத்திருந்தார். எழிலரசன் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டைகளைப் பார்த்து, "பாஸ்டரய்யா, இது ஈஸ்ட் போட்டது" என்றார். பின்னால் இருந்தவர்கள் கையில் எடுத்ததை வாயில் போடுவதா வேண்டாமா என்று நின்றார்கள். அன்றிலிருந்து பாஸ்டர் திருவிருந்து அன்றைக்கு அவரைச் செருப்பு பார்த்துக்கொள்ள வெளியே உட்காரவைத்துவிடுகிறார். செருப்புகள் ஜோடி ஜோடியாக, அளவு வாரியாக நிற்கும்.

காலண்டர் விஷயத்திலும் பாஸ்டருக்குத் தோல்விதான். கிறிஸ்துமஸ் நகராமல் நிற்கிறது, ஈஸ்டர் மட்டும் ஏன் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறுகிறது என்று கேட்டதற்கு, கர்த்தருடைய சித்தம் என்றார். எழிலரசனிடத்தில் அந்தப் பதில் சிவப்புக் கோடு வாங்கியது.

"நிலாங்க, நிலா. அவுங்க மாசத்த நிலாவ வெச்சு எண்றாங்க. பஸ்கான்னா பௌர்ணமி. ஈஸ்டரு அந்தப் பௌர்ணமிய ஒட்டிக்கினுதான் வரும். சில வருஷம் கொஞ்சம் தள்ளிப் போவும், அது வேற கணக்கு. நம்ம பங்குனி உத்திரம் கீதே, பல வருஷம் அதே நிலாதான். வல்லக்கோட்டைல காவடி கட்டுனா எனுக்கு பஸ்கா வந்துட்ச்சு."

ஈஸ்டர் அன்றே தினசரி காலண்டர் தாள்களின் மூலையில் வரிசையாக எண் போட ஆரம்பிப்பார். ஐம்பது வந்தால் பெந்தெகொஸ்தே. அதுவும் யூதர்கள் பண்டிகைதான் என்பார்: பஸ்காவிலிருந்து ஏழு வாரம் எண்ணிக்கொண்டே போய்க் கோதுமை அறுப்பில் முடிப்பார்கள், அந்தக் கூட்டத்தில்தான் ஏசுவின் சீஷர்கள் மேல் ஆவி இறங்கியது. எண் போடுவதை எந்த நாளில் தொடங்க வேண்டும் என்பதில் அந்தக் காலத்திலேயே சண்டை இருந்ததாம். அந்தச் சண்டையில் தான் எந்தப் பக்கம் என்பதை எழிலரசன் முடிவு செய்துவிட்டார். ரோமாபுரிக்கும் எருசலேமுக்கும் இன்னும் தகவல் போகவில்லை.

பஸ்கா விருந்துக்கு ஆட்டுக்கால் எலும்பு ஒன்று வேண்டும். சுங்குவார்சத்திரத்தில் ஒரு பிரியாணிக் கடைக்குப் போய், "கறி வேணாம், எலும்பு மட்டும் குடு பாய்" என்று கேட்பார். கடைக்காரர் முதல் வருஷம் நாய்க்கா என்று விசாரித்தார். இப்போது பெரிய வியாழன் நெருங்கினால் அவரே நல்ல எலும்பாகப் பார்த்து எடுத்து வைத்துவிடுகிறார். ஒரு முஸ்லிம் கொடுத்த எலும்பை ஒரு கிறிஸ்தவன் யூதர் பண்டிகைக்கு வைக்கிறான் என்று நான் ஒரு தடவை சொல்லிச் சிரித்தேன். "அவுங்கள்லாம் ஒரே அப்பன் புள்ளைங்கதான் தோழரே, நடுவுல உங்கள மாதிரி ஆளுதான் பேஜாரு" என்றார்.

பெரிய பேஜார் வீட்டுக்குள் இருக்கிறது. ராஜம்மா இட்லி மாவு ஆட்டி விற்கிறவர். புளித்த மாவுதான் அந்த வீட்டின் இரண்டாவது சம்பளம். பஸ்கா வாரத்தில் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்று எழிலரசன் டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடுவார். முதல் வருஷம் மாவைச் சாக்கடையில் கொட்டச் சொன்னார். ராஜம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு எழிலரசன் இன்னும் நிறைய வீடியோ பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். யூதர்கள் அந்த வாரத்துக்கு மட்டும் புளித்ததை வேற்று மதத்துக்காரருக்கு விற்றுவிடுவார்களாம், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். லைன் வீட்டின் கடைசி அறையில் சுகப்பிரியா இருக்கிறாள். இருக்கிறவர்களில் சின்னவள், வீட்டில் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். இந்த வருஷம் அவளைக் கூப்பிட்டு, ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு, மாவு வாளியை அவளுக்கு விற்றார்.

"இப்ப இது உன் மாவு. எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. புரிஞ்சுதா?"

"என் மாவுன்னா நான் தோசை சுட்டுக்கலாமாண்ணா?"

எழிலரசன் யோசித்தார். அவர் பார்த்த வீடியோவில் இந்தக் கேள்வி வரவில்லை. "சட்டப்படி சுட்டுக்கலாம்" என்றார். அந்த வாரம் முழுக்கக் கடைசி அறையிலிருந்து தோசை வாசனை வந்தது. ராஜம்மா புருஷனிடம் சண்டைக்கு மட்டும்தான் வாயைத் திறந்தார்.

இத்தனைக்கும் அந்தப் பண்டிகை எதற்காக? அதுதான் எனக்குப் பிடித்த இடம். எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைகள் ஒரே ராத்திரியில் மொத்தமாக வேலையை விட்டுக் கிளம்பிப் போன கதை அது. அதற்கு எங்கள் சங்கத்து பாஷையில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரை லைன் வீட்டில் சொன்னால் எழிலரசனுக்கு வேர்க்கும்.

அந்தக் கதையில் இன்னொரு ஆள் வருகிறான். எகிப்து ராஜா பார்வோனுடைய ஆட்கள், அடிமைகளிலிருந்தே சிலரைப் பிடித்து மற்றவர்களுக்கு மேல் வைத்தார்கள். வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினார்கள், ஆனால் செங்கல் எண்ணிக்கை குறையக் கூடாது என்றார்கள். குறைந்தபோது முதுகில் அடி வாங்கியது இந்த நடு ஆள். மேலே இருப்பவன் எகிப்தியன், கீழே இருப்பவன் சொந்தக்காரன், பிரம்பு மட்டும் தன் முதுகில். எழிலரசன் பஸ்கா கதையை நிறுத்தி நிதானமாகச் சொல்வார். கடவுள் எகிப்து மேல் ஏவிவிட்ட தவளை வாதைக்குத் தவளை மாதிரியே கத்திக் காட்டுவார். இந்த நடு ஆள் வருகிற இடத்தை மட்டும் பஸ் பிடிக்கிறவர் மாதிரி ஓடித் தாண்டிவிடுவார்.

லைன் வீட்டுக் கதவுகளுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். பெண்கள் வேறு வேறு ஷிப்டில் வந்து படுப்பார்கள். காலை ஷிப்டுக்கு வேன் கொண்டுவருகிற டிரைவர் அன்பு, நடையில் வந்து சாவியால் கதவு கதவாகத் தட்டி எழுப்புவார். ராத்திரி ஷிப்ட் முடித்தவர்களையும் ஜுரத்தில் கிடப்பவர்களையும் அவர் எழுப்பிவிடக் கூடாது என்று, அந்த அறைக் கதவு நிலையில் எழிலரசன் சிவப்புக் கோடு போட்டு வைப்பார். சிவப்பு இருந்தால் தட்டாமல் போக வேண்டும். ஒரு தடவை அன்பு தூக்கக் கலக்கத்தில் சிவப்புக் கதவைத் தட்டிவிட்டார். எழிலரசன் எல்லாப் பெண்களுக்கும் எதிரில், "கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சு?" என்று கேட்டார். அன்புக்கு எழிலரசனைவிட வயது அதிகம்.  அவர் அதை மனசில் வைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு லீவு இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. கப்பலுக்குப் போகிற சரக்காம். வெள்ளி, சனி இரண்டு நாளும் காலை ஷிப்ட் முழு ஆளோடு ஓட வேண்டும். கான்ட்ராக்டர் எழிலரசனைக் கூப்பிட்டு, வேனில் சீட் காலியாக வந்தால் முதல் அறைக்கு வேறு ஆள் வருவான் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

லைன் வீட்டில் தங்கியிருக்கிற ஷெர்லின் வாலாஜாபாத் பக்கத்துப் பெண். அப்பா செங்கல் சூளையில் கல் அறுத்தவர். போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அவர் இல்லாமல் வருகிற முதல் ஈஸ்டர் இது. அவர்கள் ஊரில் ஈஸ்டர் அன்று விடிவதற்கு முன் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அதற்கு முன் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து முடித்திருக்க வேண்டும். அவள் எழிலரசனிடம் வந்து லீவு கேட்டபோது நான் டீக்கடை பெஞ்சில்தான் இருந்தேன்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை மட்டும் வுடுங்கண்ணா. அப்பாவுக்கு வெள்ளையடிக்கணும்."

"ஞாயித்துக்கெழம போயி மெழுவத்தி வெய்யி."

"வெள்ளையடிக்காத கல்லறைல மெழுவத்தி வெச்சா ஊர்ல இன்னா பேசுவாங்க? பொண்ணு சம்பாரிக்கிது, அப்பன் மண்ணா கெடக்குறான்னு பேசுவாங்க. அம்மாவுக்கு முட்டி புடிச்சுகினு கீது, குனிய முடியாது. தம்பி, தங்கச்சி யாரும் கெடையாது எனுக்கு."

எழிலரசன் முகம் பிரகாசமானது. நான்கூட ஒரு நொடி ஏமாந்துவிட்டேன்.

"ஷெர்லின், உனுக்கு ஒண்ணு தெரியுமா? அந்தக் காலத்துல யூதருங்களும் பஸ்காவுக்கு முன்னாடி கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க! எதுக்குன்னு கேளு. பண்டிகைக்கு எருசலேமுக்கு ஊர் ஊரா ஜனம் நடந்து வரும். தெரியாம கல்லறை மேல கால் வெச்சுட்டா தீட்டு, பண்டிகைல சேத்துக்க மாட்டாங்க. அதனால பளிச்சுனு தூரத்துலயே தெரியிற மாதிரி அடிச்சு வெப்பாங்க. நீ செய்யறது ரெண்டாயிரம் வருஷத்துப் பழக்கம். வுடக்கூடாது. கண்டிப்பா செய்யணும்."

"அப்போ லீவு?"

"லீவு கெடையாது."

அவர் முகத்தில் இரண்டுக்கும் நடுவில் எந்தக் கஷ்டமும் தெரியவில்லை.  ஷெர்லின் திரும்பிப் போய்விட்டாள். டீக்கடைக்காரர் எனக்கு இன்னொரு டீ ஊற்றினார், நான் கேட்கவில்லை.

பெரிய வியாழன் பொழுது சாய்கிற நேரத்தில் நடையில் பாய் விரித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் என்னையும் கூப்பிடுவார், நானும் போவேன். தட்டில் எலும்பு, வேப்பங்கொழுந்து, உப்புத் தண்ணீர், பேரீச்சம்பழமும் வேர்க்கடலையும் வெல்லமும் இடித்த ஒரு விழுது, பன்னீர் திராட்சையைப் பிழிந்த சாறு, ராஜம்மாவின் ஓட்டை போட்ட அப்பம். எழிலரசன் எல்லாருக்கும் தலையணை கொடுத்தார்.

"சாஞ்சுகினு துன்னணும். அடிமை நின்னுக்கினு துன்னுவான். விடுதலையானவன் சாஞ்சுகினு துன்னுவான்."

இருப்பவர்களில் சின்னவர் கேள்வி கேட்க வேண்டும் என்பது முறை. சுகப்பிரியாவுக்கு மத்தியானமே சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"இந்த ராத்திரி மட்டும் மத்த ராத்திரி மாரி இல்லியே, ஏன்?" அதோடு நிறுத்தாமல் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். "கேன்டீன்ல தெனமும் நின்னுக்கினு அள்ளிப் போட்டுக்கிறோம், இன்னிக்கு மட்டும் தலவாணி போட்டுகினு துன்றோமே, அதானேண்ணா?"

எல்லாரும் சிரித்தார்கள். எழிலரசன் சிரிக்கவில்லை. கேள்வி சரி, ஆனால் இத்தனை சரியாக இருக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

விழுதைத் தொட்டுக் காட்டினார். "இது சாந்து. எகிப்துல செங்கல் அறுத்தாங்க இல்ல, அந்த மண்ணு. நெனப்புக்கு வெக்கிறது."

ஷெர்லின் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். "எங்கப்பா மிதிச்ச மண்ணு இனிச்சதில்லண்ணா" என்றாள்.

 எழிலரசன் அவசரமாகக் கடைசி வாதைக்குப் போனார். எகிப்தியர் வீட்டுத் தலைப்பிள்ளைகளைக் கொல்லச் சங்காரக்காரன் வருகிற ராத்திரி, ஆட்டு ரத்தத்தைக் கதவு நிலையில் பூசினவன் வீட்டை அவன் தாண்டிப் போய்விடுவான். இந்த இடத்துக்கு அவருக்கு டெமோ உண்டு. ஸ்டூல் போட்டு ஏறி, தன் அறை நிலையில் சிவப்புப் பெயிண்ட் பேனாவால் கோடு போட்டுக் காட்டுவார்.

"இந்தப் பக்கம் ஒண்ணு. அந்தப் பக்கம் ஒண்ணு. மேல் கட்டைல ஒண்ணு. மூணும் வேணும். ஒண்ணு வுட்டாலும் செல்லாது."

"அண்ணா," என்றாள் ஷெர்லின், "உள்ள இருக்கிறவங்க நல்லவங்களா, கெட்டவங்களா, யாரு இன்னான்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கக் கூடாது. அடையாளம் கீதா, தாண்டிப் போய்க்கினே இருக்கணும். அதான் பஸ்கா."

"நம்ம அன்பண்ணன் மாரி," என்றாள் சுகப்பிரியா.

மறுபடி சிரிப்பு. எழிலரசன் கீழே இறங்கி, தின்னர் துணியால் தன் கோடுகளைத் துடைத்தார். பிறகு விடுதலையானவர்களைப் பார்த்து, "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், சீக்கிரம் படுங்க" என்றார். பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து ஷெர்லின் கை நீட்டினாள். "அண்ணா, அந்தப் பேனா ஒண்ணு குடுங்க. டிபன் பாக்ஸ் மாறிப்போவுது, பேரு போடணும்." அவர் கொடுத்தார். "ஒய்ங்கா நேர் கோடா எழுதணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பெரிய வெள்ளி காலை, கிழக்கு வெளுக்கிற நேரத்தில் நான் லைன் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் இருந்தேன். வேன் வந்து நின்றது. அன்பு இறங்கி நடைக்குள் போனார். எழிலரசன் அறைக்கு அடுத்த கதவைப் பார்த்தார். சாவியைத் தூக்கினவர் இறக்கிக்கொண்டார். அடுத்த கதவு. அதற்கடுத்தது. நடை கடைசி வரைக்கும் போய், ஒரு கதவையும் தட்டாமல் திரும்பி வந்து, எழிலரசன் அறை முன்னால் நின்று இருமினார்.

"அண்ணாத்த, லைன் வூடு மொத்தத்துக்கும் ஜுரமா?"

எழிலரசன் பிரஷ்ஷோடு வெளியே வந்தார்; நானும் டீ கிளாஸோடு நடைக்குப் போய்விட்டேன். பார்த்தார். எல்லா நிலையிலும் சிவப்பு. பேஸ்ட் நுரை வாயோரத்தில் நின்றது.

"தட்டுயா."

"செவப்பு கீதே."

"தட்டுன்றேன்ல?"

"அன்னிக்குத் தட்டினதுக்கு அத்தினி பொண்ணுங்க எதுர்ல என்னை இன்னா கேட்ட? கண்ணு அவிஞ்சா பூட்ச்சுன்னு கேட்ட. எனுக்குக் கண்ணு நல்லா தெரியுது. செவப்பு கீது. நான் தட்ட மாட்டேன். சட்டம் போட்டவன் நீ, நீ வேணா அழிச்சுட்டுச் சொல்லு, தட்றேன்."

அன்பு வேன் பக்கம் போய், பீடியைப் பற்றவைத்து, டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோஷமாக டயரைப் பார்க்கிற ஆளை நான் கண்டதில்லை.

போன் அடித்தது. கம்பெனி ஆபீசர் குரல் எனக்கே கேட்டது: வண்டி கிளம்பிவிட்டதா?

"பாத்துக்கினு கீறேன் சார்," என்றார் எழிலரசன். அது பொய் இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

உள்ளே யாரும் தூங்கவில்லை. ஒரு கதவுக்குப் பின்னால் கொலுசு அசைந்து நின்றது. ஷெர்லின் அறை ஜன்னல் விரல் அளவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலுக்கு அடியில் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையும் வாளியும் தெரிந்தன. வாலாஜாபாத் போகிற முதல் பஸ் இன்னும் வரவில்லை.

எழிலரசன் தின்னர் துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். இரண்டாம் அறைக்கு வந்தார். துணி நிலைக்குப் பக்கத்தில் போனது. குனிந்து கோட்டைப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மேலே ஒன்று. பெயிண்ட் வழியவில்லை. நேர் கோடு. "ம்" என்றார். அடுத்த அறை. அங்கேயும் மூன்று. ஷெர்லின் அறை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். ஜன்னல் இடுக்கைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தார். லைனில் கட்டு கட்டாக வயர் பார்க்கிற அதே பார்வை. ரிஜெக்ட் பண்ண ஒன்றும் அகப்படவில்லை. துணி கையிலேயே இருந்தது, எதையும் துடைக்கவில்லை, துடைக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ராஜம்மா வாசலில் வந்து நின்றார். 

கடைசி அறை சுகப்பிரியாவுடையது. அவளும் எழிலரசன் உயரம்தான். அவள் வாங்கின மாவு தீர்ந்து, வாளி காலியாகி, வாசலில் கவிழ்ந்து கிடந்தது. நிலையில் இந்தப் பக்கம் ஒரு கோடு. அந்தப் பக்கம் ஒரு கோடு. மேல் கட்டை வெறும் மரமாக இருந்தது.

போன் திரும்ப அடித்தது. அன்பு ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். "வண்டிய எடுக்கறதா, வேணாவா?"

"மேல வுட்டுட்டா பாரு," என்றார் எழிலரசன், யாரிடமும் இல்லாமல். தின்னர் துணியை இடுப்பில் செருகினார். புளித்த மாவு இருந்த வாளியைக் கையால் தொடாமல், காலால் நிலைக்கு நேராகத் தள்ளினார். அதன் மேல் ஏறி நின்று, பையில் மிச்சமிருந்த சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, நுனிக்காலில் எம்பி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே கோடாகப் போட்டார்.